மூன்று மில்லிவாட்

புதுக்கோட்டைக்குப் போகிற சாலையில் ஒரு சிறிய பிசியோதெரபி நிலையம் இருக்கிறது. பெயர் வேண்டாம். நடத்துகிறவர் நல்ல மனிதர், கடன் வாங்கி ஆரம்பித்தவர். போன ஆடி மாதம், கழுத்து இழுவைக் கருவியின் மோட்டார் முனகுகிறது என்று என்னை அழைத்திருந்தார். திருச்சியிலிருந்து காலை பஸ்ஸில் போய், மோட்டாருக்குப் புஷ் மாற்றி, பெட்டியை மூடிவிட்டு டீக்காகக் காத்திருந்தேன். பக்கத்துத் திரைக்குப் பின்னால் வலிக்கு லேசர் ஒளி வைக்கும் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது.

அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா புடவையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு படுத்திருந்தார். உதவியாளர் பெண் பேனா போன்ற புரோபை முட்டியில் ஊன்றிப் பிடித்திருந்தாள். நாற்பது விநாடிக்கு ஒரு தரம் இயந்திரம் ‘பீப்’ என்றது. உடனே புரோப் அடுத்த இடத்துக்கு நகர்ந்தது. தூக்கும்போதெல்லாம் தோலில் குங்குமப் பொட்டு போல ஒரு சிவப்பு வெளிச்சம் விழுந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருபத்தாறு வருடம் போய்விட்டது. சும்மா இருக்க முடியாது எனக்கு. அந்தம்மாவின் முறை முடிந்ததும், “ஒரு நிமிடம் கொடு, தங்கச்சி” என்று புரோபை வாங்கி, ஒரு வெள்ளைத்தாளில் அடித்துக் கைபேசியின் முன்பக்கக் கேமராவில் பார்த்தேன். டிவி ரிமோட்டின் முனையைக் கேமராவில் பார்த்திருக்கிறீர்களா? பொத்தானை அழுத்தினால், வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒளி திரையில் வெளிர் ஊதாவாக மினுக்கும். அதே வித்தைதான். அந்த இயந்திரத்தின் லேசர் 808 நானோமீட்டர், கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு. நாம் பார்க்கும் சிவப்புப் பொட்டு, எங்கே அடிக்கிறோம் என்று காட்ட வைத்திருக்கும் வழிகாட்டி விளக்கு மட்டுமே. மருந்து வேறு, குப்பியில் ஒட்டிய சீட்டு வேறு.

திரையில் சிவப்புப் பொட்டு மட்டும் தெரிந்தது. ஊதா இல்லை.

ஒளியின் வலுவை அளக்கும் பவர் மீட்டரை எடுத்தேன். புரோபின் கழுத்தில் ‘100 மில்லிவாட்’ என்று அச்சிட்டிருந்தது. மீட்டர் 3 காட்டியது. முனைக் கண்ணாடியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். 3. கேபிளை அசைத்துப் பார்த்தேன். 3. அந்த மூன்றும் வழிகாட்டி விளக்கின் கணக்கு. உள்ளே லேசரை உண்டாக்கும் டயோடு செத்துவிட்டது. எப்போது செத்தது என்று யாருக்கும் தெரியாது. இயந்திரத்துக்கும் தெரியாது, ஏனென்றால் அது நேரத்தைத்தான் எண்ணுகிறதே தவிர வெளியே வரும் ஒளியை அளப்பதில்லை. நாற்பது விநாடி ஆனதும் கடமை தவறாமல் ‘பீப்’.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 100 மில்லிவாட் என்றால் விநாடிக்கு 0.1 ஜூல். ஒரு புள்ளிக்கு 4 ஜூல் கொடுக்க வேண்டுமானால் 40 விநாடி. மூன்று மில்லிவாட்டில் அதே 4 ஜூலைக் கொடுக்க இருபத்திரண்டு நிமிடம் புரோபைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். ஒரு புள்ளிக்கு! அந்தம்மாவின் முட்டியில் எட்டுப் புள்ளி.

“என்ன தம்பி, மிஷினில் கோளாறா?” என்று கேட்டார் அவர், செருப்பை மாட்டிக்கொண்டே.

“கொஞ்சம் பழுது, அம்மா.”

“எனக்கு நன்றாகக் கேட்டதே! பத்து நாளாக மாடிப்படி ஏறுகிறேன்.”

நிலையத்துக்காரர் முகம் வெளுத்துவிட்டது. அந்தம்மா போனபின் மெதுவாகக் கேட்டார்: “அப்படியானால் இவ்வளவு நாள் நான் செய்தது ஏமாற்று வேலையா, சார்?” நான் சட்டென்று பதில் சொல்லவில்லை. அந்தம்மாவுக்கு அவர் தொடைத் தசைக்குப் பயிற்சியும் கொடுத்துவந்தார். முட்டித் தேய்மானத்துக்கு அதைவிட உறுதியான வைத்தியம் குறைவு. தவிர, தினமும் இருபது நிமிடம் ஒருவர் காலைத் தொட்டு, “இங்கேயா வலிக்கிறது?” என்று விசாரிப்பது அந்த வயதில் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? வலி குறைந்தது பொய்யில்லை. லேசர்தான் குறைத்தது என்பது பொய்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு மெஸ்டர் நினைவு வந்தது. என்ட்ரே மெஸ்டர், ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரத்தில் அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர். 1960இல் தியோடர் மைமன் முதல் ரூபி லேசரைச் செய்துகாட்டிய பிறகு, புற்றுக்கட்டியை லேசரால் பொசுக்க முடியுமா என்று பாஸ்டனில் ஒருவர் ஆராய்ந்தார். 1967 வாக்கில் மெஸ்டர் அதைத் தன் ஆய்வுக்கூடத்தில் திரும்பச் செய்து பார்க்க முயன்றார். சுண்டெலிகளின் முதுகு மயிரை மழித்து லேசர் அடித்தார். கட்டி ஒன்றும் கரையவில்லை. ஆனால் லேசர் பட்ட எலிகளுக்கு மழித்த இடத்தில் மயிர் சீக்கிரம் முளைத்தது. காரணம், அவருடைய லேசர் பாஸ்டன் லேசரைவிட மிகவும் வலுக்குறைந்தது. பொசுக்கப் போதவில்லை, தூண்டப் போதுமாக இருந்தது. பிறகு அவர் ஆறாத கால்புண்களுக்கு மெல்லிய லேசர் ஒளியைக் கொடுத்துப் பார்த்தார். இந்தத் துறை முழுவதும் அங்கிருந்து கிளைத்ததுதான்.

என் தொழில்காரன் எவனாவது அன்று புடாபெஸ்டில் இருந்திருந்தால், “ஐயா, அவுட்புட் குறைகிறது” என்று அதைச் சரிசெய்து கெடுத்திருப்பான்.

ஆகவே, ‘வலுக்குறைந்த ஒளி என்ன செய்துவிடும்’ என்று எடுத்தெறிந்து பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உயிரணுவுக்குள் மைட்டோகாண்ட்ரியாவில் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்றொரு நொதி இருக்கிறது. அது சிவப்பையும் அதையடுத்த அகச்சிவப்பையும் உறிஞ்சிக்கொள்கிறது, அதனால் உயிரணுவின் ஆற்றல் உற்பத்தி கூடுகிறது என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அதுவே முழுக் கதையா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் வழக்கு உண்டு. கழுத்து வலிக்கு இந்த லேசரைப் பற்றி 2009இல் ‘லான்செட்’ இதழில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. 16 சோதனைகள், 820 நோயாளிகள். நாள்பட்ட வலியில் சிகிச்சை முடிந்து 22 வாரம் வரைகூடப் பலன் நீடித்ததாக அதில் கண்டிருந்தார்கள். இடுப்பு வலிக்கு வந்த முடிவுகள் அப்படி ஒருமுகமாக இல்லை. அளவைக் கூட்டினால் பலன் கூடும் என்பதும் கிடையாது. ஓர் எல்லைக்கு மேல் போனால் வந்த பலனும் மங்கிவிடும். உப்பு மாதிரி.

இதைச் சிவப்பு விளக்கு ஒத்தடத்தோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். அது 150, 250 வாட் பல்பு. அதன் வேலை சூடு. இந்தச் சின்ன லேசரில் சூடே தெரியாது. “ஒன்றுமே தெரியவில்லையே, ஓடுகிறதா?” என்று நோயாளி கேட்பதும், ஓடாதபோது யாருக்கும் தெரியாமல் போவதும் அதனால்தான்.

ஒளியையே மருந்தாக வைத்து, இதே ஊர்களில், ஒழுங்காக வேலை நடக்கும் இடமும் உண்டு: பச்சிளங்குழந்தை வார்டு. ‘குழந்தையை லைட்டில் வைத்திருக்கிறார்கள்’ என்று சொல்வோமே, அந்த நீல விளக்கு. இங்கிலாந்தின் எசெக்ஸில் உள்ள ரோச்ஃபோர்டு மருத்துவமனையில் 1956இல் ஜீன் வார்டு என்ற செவிலியர் குழந்தைகளை வெயில்பட வெளியே எடுத்துப் போவாராம். மஞ்சள் காமாலை கண்ட ஒரு குழந்தைக்கு வெயில் பட்ட தோலில் மஞ்சள் வெளுத்து, துணி மூடிய இடத்தில் மட்டும் அப்படியே இருந்ததைக் கண்டு மருத்துவர்களிடம் காட்டினார். அங்கே தொடங்கியது. ஒளி, மஞ்சளுக்குக் காரணமான பிலிருபினின் வடிவத்தை மாற்றி, உடம்பு வெளியேற்றும்படி செய்கிறது. அந்த வார்டில் விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்தது என்று எண்ணும் மீட்டர் இருக்கிறது. ஒளியின் அடர்த்தியை அளக்கும் கருவி சிஸ்டரின் மேசை இழுப்பறையில் இருக்கிறது. குறைந்தால் எனக்கு அன்றே போன் வரும். மறுநாள் காலை இரத்தப் பரிசோதனையில் பிலிருபின் எண் இறங்கியிருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். வலிக்கு அப்படி எண் கிடையாது. அதனால் வலிக்கான விளக்கை யாரும் அளப்பதில்லை.

அளக்கிற ஒருவரை நான் பார்த்தது சித்தப்பாவின் புண்ணியத்தில்.

தஞ்சாவூர்ப் பக்கம், வாழைத் தோட்டம், நாற்பது வருடம் வெற்றிலையோடு புகையிலை. கன்னத்தின் உள்பக்கம் புற்று. அறுவைச் சிகிச்சை முடிந்து கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்கச் சொன்னார்கள். வாரத்தில் ஐந்து நாள், ஆறு வாரம், முப்பது முறை. கரண்ட் வைத்தவர்கள் வாயைப் பார்த்திருந்தால் தெரியும்: இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் உள்தோல் முழுக்க வெந்து உரியும். தண்ணீர் இறங்காது. பலர் பாதியில் நிறுத்திவிட்டு ஊருக்கு ஓடிவிடுவது இதனால்தான்.

அந்த மருத்துவமனையில் தினமும் கரண்டுக்கு முன்பு ஒரு பல் மருத்துவர், சின்ன வயதுப் பெண், சித்தப்பாவின் வாய்க்குள் சிவப்பு லேசர் வைத்தார். உதட்டின் உள்பக்கம், நாக்கின் ஓரம், அடிநாக்கு, அண்ணம் என்று ஒவ்வொரு புள்ளியாக. கட்டி இருந்த இடத்தின்மேல் மட்டும் வைக்கவில்லை. புற்றணு மிச்சமிருந்தால் அதைத் தூண்டிவிடக் கூடாது என்ற எச்சரிக்கை. அவருக்கும் சித்தப்பாவுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி. பச்சைக் கண்ணாடியோடு சித்தப்பா, களத்துமேட்டில் வெல்டிங் வைக்க உட்கார்ந்தவர் மாதிரி இருந்தார்.

மூன்றாம் நாள் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், “டாக்டர், இதன் அவுட்புட்டை எப்போதாவது அளந்திருக்கிறீர்களா?” என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் இயந்திரத்தைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் ஒரு வெள்ளை பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அதில் பால்பாயிண்ட் பேனாவால் தேதியும் மில்லிவாட்டும், கீழே கீழே ஏழு வரி. கடைசி வரி அந்த வாரத் திங்கட்கிழமை. நான் என் கேள்வியை விழுங்கிவிட்டேன்.

சித்தப்பாவுக்குப் புண் வராமல் இல்லை. நான்காவது வாரம் வந்தது. ஆனால் மசித்த ரசம் சாதமும் மோர்க்கஞ்சியும் கடைசி வரை இறங்கின. மூக்கில் குழாய் போடவில்லை, ஒரு நாளும் கரண்டை நிறுத்தவில்லை. நான்கு கிலோ குறைந்தார். லேசர் இல்லாமலிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரே ஒரு சித்தப்பாவை வைத்துக்கொண்டு யாரும் அதைச் சொல்ல முடியாது. அதற்குத்தான் சோதனைகள். நம் நாட்டிலேயே மணிப்பாலில் ஹீலியம்-நியான் லேசரை வைத்து, பாதிப் பேருக்கு உண்மை லேசர், பாதிப் பேருக்குப் பொய் லேசர் என்று பிரித்துச் செய்த சோதனைகளின் முடிவுகள் 2012இல் வெளிவந்தன. உண்மை லேசர் பெற்றவர்களுக்குக் கடுமையான புண்ணும் வலியும் குறைந்திருந்தன. இந்த ஒரு பயனைப் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2018இல் ஏற்றது. புற்றுநோய் ஆதரவுச் சிகிச்சைக்கான பன்னாட்டு வழிகாட்டுதலும் 2020இல் மறுபடி பரிந்துரைத்தது. அலைநீளம் இவ்வளவு, அளவு இவ்வளவு என்ற எண்களோடு.

இதையெல்லாம் படித்தபின் எனக்கு வீட்டு உபயோகச் சிவப்பு விளக்குகளைக் கண்டால் எரிச்சலாக வருகிறது. மைத்துனர் இடுப்பில் கட்டிக்கொள்ளும் ஒரு பட்டை வாங்கி வந்தார். அட்டைப் பெட்டியில் சிரிக்கும் பெண் இருக்கிறாள், ‘120 விளக்குகள்’ என்று இருக்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எவ்வளவு ஒளி விழும் என்பது மட்டும் எங்கும் இல்லை. “மாப்பிள்ளை, இது நல்லதா கெட்டதா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்” என்றார். கதகதப்பாக இருக்கும் என்றேன்.

புதுக்கோட்டைச் சாலைக்கு வருகிறேன். நிலையத்துக்காரர் புதிய புரோப் வரும்வரை லேசருக்குப் பணம் வாங்குவதை நிறுத்திவிட்டார். அந்த நேரத்தையும் பயிற்சிக்கே கொடுத்தார். பழைய நோயாளிகளிடம் சொல்லலாமா என்று கேட்டார். சொல்லத்தான் வேண்டும் என்றேன். சிலரிடம் சொன்னதாகச் சொன்னார். நான் வற்புறுத்திக் கேட்கவில்லை.

ஐப்பசியில் புரோப் வந்தது. மாட்டி அளந்தேன்: 97. ஒரு பிளாஸ்திரி வெட்டி, தேதி போட்டு, எண்ணை எழுதி, இயந்திரத்தின் பின்பக்கம் ஒட்டினேன். அலமாரியில் பாலித்தீன் பிரிக்காமலேயே கிடந்த இரண்டு பாதுகாப்புக் கண்ணாடிகளையும் எடுத்துத் துடைத்து வைத்தேன். கண்ணுக்குத் தெரியாத ஒளி விழித்திரையில் பட்டால் இமைக்கக்கூடத் தோன்றாது.

அன்றைக்கு அதே அம்மா வந்திருந்தார், இந்த முறை இடது முட்டிக்கு. கண்ணாடியை மாட்டிவிட்டார்கள். உதவியாளர் பெண் புரோபை வைத்தாள், நாற்பது விநாடி, ‘பீப்’, நகர்த்தினாள். புதிய புரோபின் வழிகாட்டி விளக்கு மங்கல்தான், கண்ணாடி வழியே அதுவும் தெரிந்திருக்காது. அம்மா தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். முடிந்து எழுந்ததும் கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

“பழைய விளக்குதான் தம்பி எனக்குக் கேட்டது. இதில் வெளிச்சமே இல்லை.”

அவர் போனபின் நிலையத்துக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டு, அந்தச் சிவப்புப் பொட்டை மட்டும் கொஞ்சம் பளிச்சென்று வைக்க முடியுமா என்று கேட்டார். உள்ளே அதற்கென்று ஒரு சிறிய திருகு இருக்கிறது. அரைச் சுற்றுத் திருப்பிவிட்டு, அந்தப் பொட்டை அணைத்து லேசரை மட்டும் மறுபடி அளந்தேன். 97தான்.