கார் ஏசியில் கேஸ் எங்கே போகிறது?

கார் ஏசியில் இருக்கும் கேஸ், பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்கிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் ஆவியாகி, திரவமாகி, மறுபடி ஆவியாகிச் சுற்றிக்கொண்டே இருக்கும். ரப்பர் ஹோஸ் வழியாகவும், கேஸை அழுத்திச் சுற்றவிடுகிற கம்ப்ரஸரின் சீல் வழியாகவும் வருஷக்கணக்கில் துளித்துளியாகக் கசியும், அவ்வளவுதான். போன சித்திரையில் ஏற்றிய கேஸ் இந்தச் சித்திரைக்கு இல்லை என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதைத் தேடாமல் மறுபடி கேஸ் ஏற்றுவது காசுக்கும் கேடு, காற்றுக்கும் கேடு.

எங்கள் வண்டி பத்து வயதைத் தாண்டிய சின்னக் கார். அம்மாவுக்கு வீசிங் உண்டு. விருதுநகரிலிருந்து மதுரைக்கு டாக்டரைப் பார்க்கப் போகும்போது அந்தத் தூசியில் கண்ணாடியை இறக்க முடியாது. பங்குனி முடிவதற்குள்ளேயே ஏசிக் காற்று வெதுவெதுப்பாக வர ஆரம்பித்தது. பட்டறையில் பானெட்டைக்கூடத் திறக்காமல், "கூலிங் காயில் போயிருக்கும் சார், டேஷ்போர்டைக் கழற்றணும்" என்றார்கள். கேபினுக்கு வரும் காற்றைக் குளிர வைக்கிற காயில் அது. அவ்வளவு பெரிய வேலைக்குச் சம்மதிப்பதற்கு முன்னால் நானே ஒருமுறை பார்த்துவிட நினைத்தேன்.

முதலில் இது கேஸ் பிரச்சினைதானா என்று தெரிய வேண்டும். ஏசியைப் போட்டதும் கம்ப்ரஸர் கிளட்ச் 'டக்' என்று பிடிக்கும். எங்கள் வண்டியில் பிடித்த சில வினாடியில் விட்டது, மறுபடி பிடித்தது, மறுபடி விட்டது. கேஸ் குறைந்து அழுத்தம் இறங்கினால் பிரஷர் சுவிட்ச் இப்படித்தான் கம்ப்ரஸரை நிறுத்தி நிறுத்திக் காப்பாற்றும். கேஸின் சூட்டை வெளியேற்றுகிற கண்டென்சரின் ஃபேன் ஒழுங்காக ஓடியது, கேபின் ஃபில்டரும் சுத்தம். சரி, கேஸ்தான்.

எதிர்வீட்டு அண்ணன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். "தம்பி, கேஸ் கண்ணுக்குத் தெரியாது. கூடவே வர்ற ஆயில் தெரியும், அதைத் தேடு" என்றார். கம்ப்ரஸருக்கான ஆயில் கேஸோடு கலந்துதான் சுற்றுகிறது. ஓட்டை வழியாகக் கேஸ் பறந்துவிடும். ஆயில் அங்கேயே தங்கித் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு டார்ச்சும் வெள்ளைத் துணியும் போதும். ஓ ரிங் என்கிற ரப்பர் வளையம் இருக்கிற ஒவ்வொரு குழாய் இணைப்பையும், கம்ப்ரஸரின் முன்பக்கத்தையும், ரேடியேட்டருக்கு முன்னால் கல்லடி வாங்குகிற கண்டென்சரையும் துடைத்துப் பார்த்தேன். துணியில் வெறும் மண்தான் ஒட்டியது.

அடுத்தது சோப்புத் தண்ணீர். இதை எஞ்சினை நிறுத்திச் சிறிது நேரம் கழித்துச் செய்வதுதான் நல்லது. ஏசி ஓடும்போது, கம்ப்ரஸர் கேஸை உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் 30, 40 பி.எஸ்.ஐ. அளவுதான் இருக்கும். நிறுத்திவிட்டால் இரண்டு பக்கமும் சமமாகிவிடும். 30 டிகிரி வெயிலில், உள்ளே கொஞ்சமாவது திரவம் மிச்சமிருந்தால், எங்கள் வண்டி ஏசியில் இருக்கிற ஆர்-134ஏ என்ற கேஸ் சுமார் 97 பி.எஸ்.ஐ. காட்டும். அதனால் உறிஞ்சும் பக்கத்து ஓட்டை நிறுத்திய வண்டியில்தான் நன்றாகக் குமிழி விடும். ஃபேனிலும் பெல்டிலும் கை மாட்டாது என்பது இன்னொரு நன்மை. இன்னொன்றும் உண்டு: நிறுத்திய வண்டியில் அழுத்தம் பார்க்கிற கேஜ் 97 காட்டுவதால் கேஸ் நிறைவாக இருக்கிறது என்று நம்ப வேண்டாம். பாதி இருந்தாலும் அதே எண்தான்.

கேஸ் ஏற்றுகிற வாய்கள் இரண்டு: அழுத்தம் குறைந்த பக்கத்தில் ஒன்று, அழுத்தம் கூடிய ஹை சைடில் ஒன்று. ஹை சைடு வாயில் பிளாஸ்டிக் மூடியே இல்லை. போன தடவை ஏற்றியவர்கள் திரும்பப் போடவில்லை. உள்ளே டயரில் இருப்பது போன்ற ஒரு வால்வு பின், அதைச் சுற்றி ஆயிலும் புழுதியும் சேர்ந்த கறுப்புப் பசை. துடைத்துவிட்டுச் சோப்புத் தண்ணீரை விட்டேன். மெதுவாக ஒரு குமிழி எழுந்து உடைந்தது, பின்னாலேயே அடுத்தது. அந்தச் சின்ன மூடியில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். வால்வு பின் லேசாகக் கசிந்தாலும் மூடி தடுத்துவிடும். மூடி இல்லாத வாயில் மண் புகுந்து பின்னின் சீலைக் கெடுக்கும்.

கண்டுபிடிப்பதோடு என் வேலை முடிந்தது. பின்னைக் கழற்ற நான் துணியவில்லை, நீங்களும் துணிய வேண்டாம். ஆர்-134ஏ மைனஸ் 26 டிகிரியில் கொதிப்பது. கண்ணிலோ கையிலோ பீய்ச்சினால் உறைய வைத்துவிடும். சோதிக்கும்போதே கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் நெருப்பு வேண்டவே வேண்டாம், சூட்டில் அந்தக் கேஸ் நச்சாக மாறும்.

மிச்சக் கேஸைக் காற்றில் விடாமல் மெஷினில் இழுத்துக்கொள்கிற கடையாகத் தேடிப் போனேன். எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைவிட 1,430 மடங்கு பூமியைச் சூடாக்கும் கேஸ் அது. அரைக் கிலோ வெளியேறினால் 700 கிலோவுக்கு மேல் கரியமில வாயு விட்டதற்குச் சமம். அங்கே புதுப் பின் போட்டு, உள்ளே இருக்கிற காற்றை வேக்குவம் இழுத்து, அரைமணி நேரம் கேஜ் முள் நகராமல் நிற்கிறதா என்று பார்த்து, பானெட் ஸ்டிக்கரில் இருக்கிற எடைக்குச் சரியாகக் கேஸ் ஏற்றினார்கள். நான் கேட்டுக்கொண்டதால் யு.வி. சாயமும் கலந்தார்கள். இரவில் யு.வி. டார்ச் அடித்தால் கசிவு பளிச்சென்று பச்சையாகத் தெரியும். கூலிங் காயிலில் சந்தேகம் இருந்தால், காருக்கடியில் தண்ணீர் சொட்டுகிற குழாயின் வாயில் அடித்துப் பாருங்கள். எங்கள் வண்டியில் அங்கே பச்சை இல்லை.

கடைகளில் விற்கிற லீக் அடைக்கும் டின்களை மட்டும் வாங்காதீர்கள். அந்தப் பசை உள்ளே போய் கேஸ் கூலிங் காயிலுக்குள் நுழைகிற சின்னத் துவாரமான எக்ஸ்பான்ஷன் வால்வை அடைக்கலாம், கடைக்காரரின் மெஷினையும் கெடுக்கலாம். அப்புறம், கேஸ் ஏற்றிவிட்டு வண்டியை எடுக்கும்போது பானெட்டைத் திறந்து, இரண்டு மூடியும் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.