லெந்து நாட்களில் எழுதியவை: தேவன்மேல் தாகம்

05.03.2025, சாம்பல் புதன்

மாலை ஆராதனையில் 51-ஆம் சங்கீதத்தை மாறிமாறி வாசித்து முடித்து வெளியே வந்தபோது, ஆலய வாசலில் நடந்த பேச்சு வழக்கம்போல ஈஸ்டருக்கு முந்தைய லெந்து தவக்காலத்தின் இந்த நாற்பது நாளும் எதை விடுவது என்பதைப் பற்றியே இருந்தது. ஒருவர் இறைச்சியை விடுகிறார், ஒருவர் காப்பியை, கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் இன்ஸ்டாகிராமை. விடுவதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. விட்ட இடத்தில் எதை வைக்கப்போகிறோம் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. காப்பியை விட்டவர் லெந்து முழுவதும் காப்பியையே நினைத்திருந்து ஈஸ்டர் காலையில் முதல் வேலையாக அதைக் குடிப்பாரானால், இத்தனை நாளும் அவருக்குள் வளர்ந்தது காப்பியின்மேலுள்ள ஆசைதான்.

ஆகவே இந்த லெந்தில் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு எழுதுவதாக இருக்கிறேன். தேவன்மேல் வாஞ்சை என்பது சிலருக்கு மட்டும் கிடைக்கும் வரமா, அல்லது படிப்பையும் பாட்டையும்போலப் பழகி வளர்க்கக்கூடியதா?

06.03.2025, வியாழன்

காலையில் 63-ஆம் சங்கீதம். யூதாவின் வனாந்தரத்தில் இருந்தபோது தாவீது பாடியது என்று அதன் தலைப்பு சொல்கிறது. எருசலேமுக்குக் கிழக்கே சாக்கடலை நோக்கிச் சரிந்து இறங்கும் மழை மறைவு நிலம் அது. அங்கே தண்ணீர் இல்லை, பகைவர் பிராணனைத் தேடுகிறார்கள், திரும்பிப் போக வழி திறந்திருக்கிறதா என்பதும் தெரியாது. இப்படிப்பட்ட நிலையில் இருக்கும் ஒருவர் என்னென்ன கேட்பார் என்று மனதில் ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு சங்கீதத்தை மறுபடி வாசித்தேன். பதினொரு வசனங்களிலும் ஒரு விண்ணப்பம்கூட இல்லை. தண்ணீரைக் கேட்கவில்லை, பாதுகாப்பைக் கேட்கவில்லை, சிங்காசனத்தையும் கேட்கவில்லை. ‘என் ஆத்துமா உம்மேல் தாகமாயிருக்கிறது’ என்று தொடங்கி, பரிசுத்த ஸ்தலத்தில் முன்பு கண்டதை நினைத்து, இராச்சாமங்களில் படுக்கையின்மேல் தியானித்து, ‘என் ஆத்துமா உம்மைத் தொடர்ந்து பற்றிக்கொண்டிருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டே போகிறார்.

இத்தனை வருடம் வாசித்தும் இது கண்ணில் படாததற்குக் காரணம், சங்கீதத்தைத் திறக்கும்போதே நம் விண்ணப்பங்களையும் கையில் எடுத்துக்கொண்டு வருவதுதான் என்று தோன்றுகிறது.

09.03.2025, ஞாயிறு

ஆராதனைக்குப் பிறகு பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம். ஜெபக் குறிப்புகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுவது என் பொறுப்பு. மகனுக்கு வேலை, மகளுக்கு வரன், விசா, பிளஸ் டூ மதிப்பெண், ஸ்கேன் ரிப்போர்ட் நல்லபடியாக வரவேண்டும், வீட்டுக் கடன் அடையவேண்டும். ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் உண்மையான கவலை இருக்கிறது. பக்தி என்ற பெயரில் இவற்றையெல்லாம் தேவனிடம் கேட்கக் கூடாது என்று சொல்லும் கடினமான ஆவிக்குரியவர்களை நான் நம்புவதில்லை. அன்றன்றுள்ள அப்பத்தைக் கேட்கக் கற்றுக்கொடுத்தவர் கர்த்தரே. ஆனாலும் இரண்டு பக்கம் நிறைந்த அந்தக் குறிப்புகளில், தேவனையே இன்னும் அதிகமாக அறியவேண்டும் என்று யாரும் ஒரு வரி கொடுக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. அப்படி ஒன்றைச் சொன்னால் மற்றவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்பதே உண்மை.

12.03.2025, புதன்

புரோபா என்ற விதவைக்கு அகஸ்தீன் எழுதிய கடிதத்தை இந்த வாரம் வாசித்துக்கொண்டிருக்கிறேன். அவருடைய கடிதங்களின் வரிசையில் அது 130-ஆவது. புரோபா ரோம் நகரத்தின் மிகப் பெரிய செல்வக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர். கணவர் கான்சல் என்ற உயர்ந்த ஆட்சிப் பதவி வகித்தவர், பிள்ளைகளும் அதே பதவிக்கு வந்தார்கள். கி.பி. 410-இல் கோத் இனத் தலைவன் அலாரிக்கின் படை ரோமைச் சூறையாடிய பிறகு மருமகளோடும் பேத்தியோடும் கடல் கடந்து வட ஆப்பிரிக்காவுக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஹிப்போவின் பேராயராக இருந்த அகஸ்தீனிடம் அவர் எப்படி ஜெபிப்பது என்று கேட்டார்.

நகரம் வீழ்ந்து, ஊரை விட்டு ஓடிவந்தவருக்கு ஆறுதல் வார்த்தைகளே முதலில் எழுதப்படும் என்று நாம் எதிர்பார்ப்போம். அகஸ்தீனோ, எவ்வளவு செல்வம் மீந்திருந்தாலும் இந்த உலகத்தில் உன்னைத் துணையற்றவளாகவே எண்ணிக்கொள், அப்போதுதான் ஜெபிக்க முடியும் என்ற கருத்தோடு தொடங்குகிறார். எதைக் கேட்பது என்பதற்கு அவர் தரும் பதிலும் சுருக்கமானது: பாக்கியமான வாழ்வைக் கேள். அந்த வாழ்வு எது என்று விளக்கும்போது, கர்த்தரிடத்தில் ஒன்றையே நான் கேட்டேன் என்ற 27-ஆம் சங்கீதத்தின் வசனத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார்.

நம் தேவைகளைத் தேவன் முன்னமே அறிந்திருக்க, வார்த்தைகளால் ஏன் கேட்கவேண்டும் என்பதற்கு அவர் சொல்வதுதான் என் கேள்விக்கு நேரான பதில். வார்த்தைகள் தேவனுக்குத் தகவல் சொல்வதற்காக அல்ல, நமக்குள் இருக்கும் ஆசையைத் தூண்டுவதற்காக. இடைவிடாத வாஞ்சையே இடைவிடாத ஜெபம். ஆனால் மற்ற வேலைகளிலும் கவலைகளிலும் அந்த வாஞ்சை வெதுவெதுப்பாகி, பிறகு முற்றிலும் குளிர்ந்துவிடக்கூடும் என்பதால், குறித்த நேரங்களில் மனதைத் திருப்பிக் கொண்டுவந்து வார்த்தைகளால் அதை மறுபடி மூட்டவேண்டியிருக்கிறது. அந்த ஆசையில் எவ்வளவு வளர்ந்திருக்கிறோம் என்று நம்மை நாமே பார்த்துக்கொள்வதற்கும் அந்த வேளைகள் உதவுகின்றன என்கிறார்.

ஆசை இருந்தால்தான் ஜெபிக்க முடியும் என்று காத்திருப்பவர்களுக்கு இது பெரிய விடுதலை. ஜெபிக்கிறவருக்குத்தான் ஆசை வருகிறது.

20.03.2025, வியாழன்

பொதுத்தேர்வு அறைக் கண்காணிப்பு. கைப்பேசியை வெளியே ஒப்படைத்துவிட்டு, வினாத்தாள் கொடுத்து, ஒவ்வொரு மேசையாகப் போய் முகப்புத் தாளில் எண்ணும் படமும் சரிதானா என்று பார்த்துக் கையெழுத்திட்டு முடித்த பிறகு, அந்த அறையில் கண்காணிப்பாளருக்கு நடப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. படிக்கக் கூடாது, பேசக் கூடாது, உட்கார்ந்துவிடவும் கூடாது. மின்விசிறிச் சத்தமும் பேனா ஓடும் சத்தமும் மட்டும்.

எகிப்தின் சகோதரர்களைப் பற்றி அகஸ்தீன் அதே கடிதத்தில் எழுதியிருப்பது நினைவுக்கு வந்தது. அங்குள்ள துறவிகள் அடிக்கடி ஜெபிப்பார்களாம். ஆனால் ஒவ்வொரு ஜெபமும் மிகச் சிறியதாக, எறியப்பட்டதுபோலச் சட்டென்று முடிந்துவிடுமாம். நீட்டிக்கொண்டே போனால் விழித்திருக்கும் கவனம் மழுங்கிவிடும் என்பதே காரணம். அதே சமயம் கவனம் தானாக நிலைத்திருக்கும்போது அதை அவசரமாக முறித்துவிடவும் கூடாது என்று அவர் சேர்த்துக்கொள்கிறார். அதிகமாகப் பேசுவது வேறு, அதிகமாக ஜெபிப்பது வேறு என்று அவர் பிரித்துக் காட்டுவதை, ஒலிபெருக்கியை உச்சத்தில் வைத்து நள்ளிரவு வரை நடத்தும் நம் கூட்டங்களின் பொறுப்பாளர்கள் ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம்.

சுவரிலிருந்து சுவருக்கு நடக்கும்போது ஒரு முனையில் ‘கர்த்தாவே’ என்றும் மறுமுனையில் ‘உம்மையே தேடுகிறேன்’ என்றும் மனதிற்குள் சொல்லிப் பார்த்தேன். முதல் மணி நேரத்தில் அது பாதி இயந்திரம்போலத்தான் போனது. இரண்டாவது மணி அடித்த பிறகு, ஜன்னலோரத்தில் இருந்த ஒரு மாணவி எழுதுவதை நிறுத்திவிட்டு நெற்றியைக் கையில் தாங்கியபடி வினாத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்காகத் தனியாக ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. நான் சொல்லிக்கொண்டிருந்த அதே வரிக்குள் அவளும் வந்துவிட்டாள். சற்று நேரத்தில் அவள் எழுதத் தொடங்கினாள்.

27.03.2025, வியாழன்

இந்த வாரம் முழுவதும் வறட்சி. வசனம் வசனமாக நின்றுவிடுகிறது, உள்ளே இறங்கவில்லை. இப்படிப்பட்ட நாட்களில் 42-ஆம் சங்கீதத்தைத் தவிர வேறு எங்கே போவது? ஆலயப் பாடகர் குலமான கோராகின் புத்திரரின் இந்தப் பாட்டைப் பாடுகிறவர் ஆலயத்திலிருந்து வெகுதூரத்தில், யோர்தான் தேசத்திலும் எர்மோன் மலைகளிலும் இருக்கிறார். பண்டிகை கொண்டாடும் ஜனங்களோடு தேவாலயத்துக்கு நடந்துபோன நாட்கள் அவருக்கு நினைவில் வருகின்றன. சுற்றியிருப்பவர்களோ உன் தேவன் எங்கே என்று கேட்கிறார்கள்.

எர்மோன் அடிவாரம் யோர்தான் பிறக்கும் இடம். உருகும் பனியும் ஊற்றுகளும் பெருகி ஓடுகிற, அருவிகளின் இரைச்சலில் ஆழத்தை ஆழம் கூப்பிடுகிற நிலம். தாவீது தண்ணீரே இல்லாத இடத்தில் தாகமாயிருந்தார். இவர் தண்ணீரின் நடுவில் நின்றுகொண்டு மானைப்போலக் கதறுகிறார். இரண்டு சங்கீதங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், தேவன்மேலுள்ள தாகம் வெளியே இருக்கும் குறைவிலிருந்தும் பிறப்பதில்லை, நிறைவில் தீர்ந்துபோவதும் இல்லை என்பது விளங்குகிறது. துன்பம் வந்தால்தான் தேவனைத் தேடுவோம் என்று பிரசங்கங்களில் திரும்பத் திரும்பக் கேட்கிறோமே, அது பாதி உண்மைதான்.

வறட்சியை இவர் கையாளும் விதமும் கவனிக்கத்தக்கது. ‘என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?’ என்று தன் ஆத்துமாவையே கூப்பிட்டு விசாரிக்கிறார். அடுத்த சங்கீதத்தையும் சேர்த்தால் அந்தக் கேள்வி மூன்று முறை வருகிறது. முதல் முறை கேட்டதும் எல்லாம் சரியாகிவிடவில்லை என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

04.04.2025, வெள்ளி

லெந்து வெள்ளி மாலைக் கூட்டத்தில் ‘சத்தாய் நிஷ்களமாய்’ பாடினோம். எழுதியவர் இந்த மாவட்டத்துக்காரர். பாளையங்கோட்டையிலிருந்து பேருந்தில் சிறிது நேரத்தில் போய்விடக்கூடிய கரையிருப்பில் 1827-இல் வைணவக் குடும்பத்தில் பிறந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்து, 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்ற கிருஷ்ண பிள்ளை. நம்மாழ்வார் ஏங்கிப் பாடிய மொழியிலேயே ஊறி வளர்ந்தவர் என்பதால், கிறிஸ்துவை நோக்கித் திரும்பியபோது புதிதாக ஏங்கக் கற்றுக்கொள்ளவேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை என்று எனக்குத் தோன்றும். ஒவ்வொரு சரணமும் ‘யார் துணை யாருறவே’ என்ற ஒரே கேள்வியில் வந்து விழுகிறது.

எனக்கு முன்வரிசையில் இருந்த ஆச்சி பாட்டுப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. வாத்தியம் போகும் வேகத்துக்கு அவர்கள் குரல் வருவதில்லை. எல்லோரும் வரியை முடித்த பிறகும் ‘யாருறவே’ என்பதை அவர்கள் மட்டும் இழுத்து முடிக்க, ஆர்மோனியம் வாசிப்பவர் கையை வைத்தபடி காத்திருந்தார். ஜெபத்தின் வரையறைகளை வாசித்து நான் எழுதிக்கொண்டிருப்பதை, அவர்கள் எழுத்துக்கூட்டாமலே செய்துகொண்டிருக்கிறார்கள். மனப்பாடம் என்றால் இளக்காரமாகப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. வாஞ்சை குளிர்ந்துபோன நாளில் அதை மூட்ட வார்த்தைகள் வேண்டுமென்றால், அவை முன்கூட்டியே நெஞ்சில் இருக்கவேண்டும் அல்லவா?

13.04.2025, குருத்தோலை ஞாயிறு

பவனி முடிந்து பிள்ளைகள் படிக்கட்டில் உட்கார்ந்து ஓலையைச் சிலுவையாக மடித்துக்கொண்டிருந்தார்கள். இயேசு எருசலேமுக்குள் வந்தபோது ஓசன்னா என்று ஆர்ப்பரித்த கூட்டத்துக்கும் ஆசை குறைவாக இல்லை. அவர்கள் எதிர்பார்த்த இராஜா வேறு. நகரத்தைக் கண்டு இயேசு அழுதார் என்று லூக்கா எழுதுகிறார்.

18.04.2025, பெரிய வெள்ளி

பகல் பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளின் தியானம். ஐந்தாவது வார்த்தைக்கு எங்கள் போதகர் ஐயா அதிகம் பேசவில்லை. ‘தாகமாயிருக்கிறேன்’ என்பதை வாசித்து, சமாரியா கிணற்றருகே பகல் வேளையில் இதே கர்த்தர் ஒரு பெண்ணிடம் தாகத்துக்குக் கேட்டதை நினைவுபடுத்தி உட்கார்ந்துவிட்டார். அந்தக் கிணற்றுப் பகுதியைப் பற்றி அகஸ்தீன் பிரசங்கித்தபோது, தண்ணீர் கேட்டவர் உண்மையில் அந்தப் பெண்ணின் விசுவாசத்தின்மேலேயே தாகமாயிருந்தார் என்று சொன்னார்.

லெந்து தொடங்கியதிலிருந்து நான் ஒரு பக்கத்துத் தாகத்தையே எழுதிவந்திருக்கிறேன். எப்படி வளர்ப்பது, எப்படிக் குளிராமல் காப்பது என்ற என் கேள்விகள் எல்லாம், ஏற்கெனவே ஒருவர் நம்மேல் தாகமாயிருந்து தேடி வந்திருக்கிறார் என்பதற்குப் பிறகு வருபவை. அவர் முதலில் கேட்டிராவிட்டால் அந்தப் பெண் தண்ணீரைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள்.

23.04.2025, புதன்

ஈஸ்டர் வாரம். யோவானின் முதலாம் நிருபத்தைப் பற்றி அகஸ்தீன் பேசியதும் ஒரு ஈஸ்டர் வாரத்தில்தான். நல்ல கிறிஸ்தவனின் வாழ்வு முழுவதும் பரிசுத்தமான ஒரு ஆசை என்று அதில் சொல்லிவிட்டு, ஒரு பையில் பெரிய பொருளைப் போடவேண்டுமானால் முதலில் பையை இழுத்து விரிக்கிறோமே, அதுபோலத் தேவன் தாமதிப்பதால் ஆசையை விரிக்கிறார், ஆசையால் ஆத்துமாவை விரிக்கிறார், விரித்து அதைக் கொள்ளளவு உள்ளதாக்குகிறார் என்கிறார். பதில் தாமதமாகும்போது தேவன் கேட்கவில்லை என்று முடிவுகட்டும் நமக்கு இது வேறொரு கணக்கு.

அடுத்த மாதக் கூட்டத்தில் வேத பாடம் நடத்தும்படி சங்கச் செயலாளர் அக்கா கேட்டிருக்கிறார்கள். இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தின் முதல் மூன்று விண்ணப்பங்களை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். புரோபாவுக்கு எழுதிய கடிதத்தின் பிற்பகுதியில் அவற்றுக்கு விளக்கம் இருக்கிறது. தேவனுடைய இராஜ்யம் நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் வரத்தான் போகிறது. ‘உம்முடைய ராஜ்யம் வருவதாக’ என்று சொல்லும்போது, அந்த இராஜ்யத்தின்மேல் நம் ஆசையை எழுப்பி, அது நமக்கு வரவும் அதில் நாம் ஆளவும் தகுதியாகும்படி கேட்கிறோம் என்பது அவருடைய விளக்கம். ஜெபக் குறிப்பு நோட்டை அந்தக் கூட்டத்தில் பாடம் முடிந்த பிறகு திறக்கலாமா என்று அக்காவிடம் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார்கள்.