ஆலைக் கூரையின் கீழ் ஒரு முற்றம்

புதுச்சேரியின் கடலூர் சாலையில் முதலியார்பேட்டையைக் கடக்கும்போதெல்லாம் ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) மில்லின் பக்கம் என் கண் திரும்பிவிடும். 1898-இல் தொடங்கி, பெரியவர்கள் வாயில் இன்றும் ‘ரோடியர் மில்’லாகவே வாழும் அந்தப் பஞ்சாலை 2020-இல் மூடப்பட்டது. என் தந்தை அங்கே தறி ஓட்டியவர். மில் சங்கு ஊதும் நேரத்தைக் கொண்டே அம்மா உலை வைப்பார்.

அந்த மில்லை வீடுகளாக மாற்றலாம் என்பது என் யோசனை. பழைய ஆலைகளைக் குடியிருப்புகளாக மாற்றும் பேச்சு வந்தால் வியன்னாவின் எரிவாயுக் கொள்கலன்களைத்தான் பலரும் காட்டுவார்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த அந்த நான்கு கட்டடங்களின் செங்கல் சுவர்களை நிறுத்திவைத்து, உள்ளே அடுக்கடுக்காக வீடுகள் கட்டி 2001-இல் திறந்தார்கள். ஆனால் அவை உயர்ந்து நிற்பவை. நெசவுக் கூடங்களோ, தறிகளின் எடையையும் அதிர்வையும் தரையே தாங்கவேண்டும் என்பதால், பெரும்பாலும் ஒரே தளமாகப் பரந்து கிடப்பவை. அவற்றை வீடுகளாகத் தடுத்தால் ஓரத்து வீடுகளுக்கு மட்டுமே சன்னல் கிடைக்கும், நடுவிலுள்ளவை இருட்டறைகளாகிவிடும்.

இதற்கான விடை புதுச்சேரியின் தமிழர் தெருக்களிலேயே இருக்கிறது. இருபுறமும் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டிநிற்கும் நீண்ட மனையில், திண்ணையைத் தாண்டி நடுவே ஒரு முற்றத்தைத் திறந்துவிட்டு வெளிச்சத்தையும் காற்றையும் நம் கொத்தனார்கள் உள்ளே அழைத்து வந்தார்கள். நெசவுக் கூடத்திலும் தூண்களையும் உத்தரங்களையும் தொடாமல், சில வரிசைகளில் கூரையை மட்டும் நீக்கினால் முற்றம் தானாகவே அமையும். வெயில் நேராக விழாமல் வெளிச்சம் மட்டும் வருவதற்காக வடக்கு நோக்கிக் கண்ணாடி பதித்த ரம்பப் பல் கூரை இருக்குமானால், அதை எக்காரணம் கொண்டும் இழக்கக்கூடாது.

சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய சுவருக்கு சிமெண்ட் பூசுவதைக் காணும்போது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிட, உப்புப் பூத்துச் செங்கல் உதிரத் தொடங்கும். ஆலையில் துணிக்குச் சாயம் போட்ட பகுதிகளில் மண்ணைச் சோதிக்காமல் குழந்தைகளைக் குடிவைக்கவும் கூடாது.

யாருக்கான வீடுகள் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யவேண்டும். மும்பையில் ஆலை நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கு என்று 1991-இல் விதி வகுத்தார்கள். 2001-இல் காலி மனையை மட்டும் கணக்கில் கொள்ளும்படி அதைத் திருத்தியதும் அந்தப் பங்கு வெகுவாகச் சுருங்கிப்போனது. எட்டு மணி நேர வேலைக்கான போராட்டத்தில் 1936 ஜூலை 30 அன்று 12 தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட ஊர் நம் புதுச்சேரி. இங்கே ஆலைக் குடும்பங்களுக்கான பங்கு, பின்னாளில் எவரும் குறைக்க முடியாதபடி முதலிலேயே எழுதப்படவேண்டும்.

இந்த யோசனையைத் தாளில் வரைந்து தந்தையிடம் காட்டினேன். கிழக்குச் சுவரிலிருந்து மூன்றாவது தூணில் விரலை வைத்து, “என் தறி இங்கேதான் இருந்தது, முற்றத்தை இங்கே திறந்தால் கடற்காற்று வரும்” என்றார்.