கிழக்காசிய கேஸ் கேள்வியா? தென் கொரியாவிலிருந்து தொடங்குங்கள்

எம்பிஏ உத்திசார் மேலாண்மைத் தாளில் கிழக்காசியச் சந்தை பற்றி கேஸ் கேள்வி (ஒரு நிறுவனத்தின் உண்மை அனுபவத்தை அலசச் சொல்லும் கேள்வி) வந்தால், பாதிப் பேர் "கலாச்சார வேறுபாடு" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்த வேறுபாடு கடைக்குள் எந்த இடத்தில் இடித்தது என்று காட்டினால்தான் மதிப்பெண்.

நான் நாடுவாரியாகக் குறிப்பெடுக்காமல் ஜோடி ஜோடியாகப் படித்தேன். ஒரே சந்தை, ஏறக்குறைய ஒரே காலம், இரண்டு நிறுவனங்கள். இதற்குத் தென் கொரியாவின் சில்லறை வணிகம் அருமையான தீனி.

அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனமான வால்மார்ட் 1998இல் அங்கே நுழைந்தது. உயரமான அடுக்குகள், மொத்தமாக வாங்கிப்போகும் ஏற்பாடு என்று கிட்டத்தட்ட ஒரு கிடங்கு. கொரிய வீடுகளிலோ மீனும் கீரையும் பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். உள்ளூர் இ-மார்ட் அடுக்குகளைத் தாழ்வாக வைத்து, புது உணவுப் பகுதியைச் சந்தை மாதிரி கலகலப்பாக நடத்தியது. இதோடு நிறுத்திவிடாதீர்கள். வால்மார்ட்டிடம் இருந்தவை வெறும் 16 கடைகள். குறைந்த விலைதான் அதன் ஆயுதம். சப்ளையர்களிடம் பேரம் பேச அளவு வேண்டும், அது இல்லை. 2006இல் கடைகளை இ-மார்ட்டின் தாய் நிறுவனமான ஷின்செகேயிடம் விற்றுவிட்டுக் கிளம்பியது. அதே ஆண்டு பிரான்ஸின் கார்ஃபோரும் வெளியேறியது.

ஜோடியின் அடுத்த பாதி, பிரிட்டனின் டெஸ்கோ. அது 1999இல் சாம்சங்கோடு கூட்டு சேர்ந்தது. பெயர் ஹோம்பிளஸ், தலைமைப் பொறுப்பில் கொரியர். கடைக்குள்ளேயே வகுப்புகள் நடத்தும் கலாச்சார மையங்கள்கூட உண்டு. இ-மார்ட்டுக்கு அடுத்த இடம் வரை வளர்ந்தது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 2015இல் டெஸ்கோவும் ஹோம்பிளஸை விற்றது. உடனே "தோல்வி" என்று எழுதத் தோன்றும். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு பிரிட்டனில் டெஸ்கோவின் கணக்கு ஊழல் வெடித்து, கடன் கழுத்தை நெரித்தது. கையில் நல்ல விலைபோகிற சொத்துகளில் இதுவும் ஒன்று. 2012இலிருந்து பெரிய மார்ட்டுகள் மாதம் இரண்டு நாள் மூட வேண்டும் என்ற கட்டுப்பாடும் வந்திருந்தது. 2025 மார்ச்சில் ஹோம்பிளஸ் நீதிமன்ற மறுசீரமைப்புக்குப் போனது. அதனால் "வெற்றி" என்று எழுதினாலும் எந்த ஆண்டு வரை என்று சேர்த்து எழுதுங்கள். இந்த ஒரு பழக்கம் பாதி விடையைக் காப்பாற்றும்.

சீனாவுக்கு இணைய விற்பனைத் தளங்களான அமெரிக்க ஈபே, அதை அங்கே முந்திய உள்ளூர் தாவ்பாவ் என்ற ஜோடி போதும். ஈபே விற்பனையாளரிடம் கட்டணம் வாங்கியது. 2003இல் வந்த தாவ்பாவ் இலவசம். பொருள் கைக்கு வரும்வரை பணத்தைப் பிடித்துவைக்கும் அலிபே என்ற கட்டண முறை அடுத்து வந்தது.

அப்புறம், ஒரு தொழிலின் போட்டியை அலசும் போர்ட்டரின் ஐந்து விசைகள் படத்தை அழகாக வரைந்து நேரத்தைக் கரைக்காதீர்கள். கேஸுக்கு ஒட்டுகிற இரண்டை எடுங்கள். கொரியாவுக்கு சப்ளையர் பலமும் உள்ளூர்ப் போட்டியும். "உங்கள் பரிந்துரை என்ன?" என்று கேட்டால் யாரோடு கூட்டு, யார் கையில் முடிவு, தாய்நாட்டு முறையில் எதைக் கைவிடுவது, மூன்றையும் நேரடியாக எழுதுங்கள். "உள்ளூர்மயமாக்க வேண்டும்" என்று மட்டும் எழுதினால், திருத்துபவர் அதை அன்று பலமுறை படித்திருப்பார்.