முதுகில் பந்து தைத்த பனியன்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலை லாரி ஓட்டும் என் மாமா தூக்கத்தில் குறட்டை விட்டு மூச்சுத் திணறுகிறார். அவருக்குப் பனியனின் முதுகுப்புறம் ஒரு பை தைத்து, உள்ளே டென்னிஸ் பந்து வைத்துக் கொடுத்திருக்கிறேன். மல்லாந்து புரண்டால் பந்து உறுத்தும், தானாக ஒருக்களித்துவிடுவார்.

மல்லாந்து படுத்தால் நாக்கும் உள்நாக்குப் பகுதியும் பின்னால் சரிந்து மூச்சுவழியைக் குறுக்குகின்றன. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவர்களில் பலருக்கு மல்லாந்த நிலையில்தான் அது மிகவும் கூடுகிறது. தூக்க ஆய்வாளர் ரோசலிண்ட் கார்ட்ரைட் 1984-இலேயே இதை ஆராய்ந்து எழுதினார். இன்று இதற்கென்றே திண்டு வைத்த கச்சைகளும் அதிரும் கருவிகளும் விற்கின்றன. பந்து மலிவு. ஆனால் உறுத்தல் தாங்காமல் பெரும்பாலோர் நாளடைவில் கழற்றிவிடுகிறார்கள்.

“உழைத்த களைப்பில் வரும் குறட்டைதானே” என்கிறார் அத்தை. இல்லை அத்தை! குறட்டை நடுவே மூச்சடங்கித் திணறுகிறவர், பகலில் ஸ்டியரிங் முன் கண் சொக்குகிறவர், மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும். பனியன் அதற்கு மாற்று ஆகாது. மாமாவைத் தூக்கப் பரிசோதனைக்கு ஈப்போ அழைத்துப் போகிறேன். லாரி ஓட்டும் அண்ணன்மார்களே, நீங்களும் வாருங்கள்.

கைக்குழந்தைகளுக்கு மட்டும் இந்த யோசனை வேண்டவே வேண்டாம். அவர்களை மல்லாத்தித்தான் படுக்க வைக்க வேண்டும்.