காசு கொடுத்து வாங்கிய இருட்டு

“காசைக் குடுத்துக் கரண்ட் இல்லாத இடத்துக்கே போறாய் தம்பி? உனக்கென்ன விசரே?” என்று அம்மா கேட்டபோது என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை. ஈஸ்டர் விடுமுறைக்காக, இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள கம்பிரியாவில், மலையடிவாரத்து விவசாயி ஒருவரின் புல்வெளியில் எங்கள் பழைய கரவனை, அதாவது காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டுவண்டியை, நிறுத்த இடம் பதிவுசெய்திருந்தேன். அந்த இடத்தின் சிறப்புகளென்று எழுதப்பட்டிருந்ததை ஆசையோடு அவருக்கு வாசித்துக் காட்டினேன்: மின் இணைப்பு இல்லை, முழு அமைதி, இரவில் விண்மீன்கள் தெளிவாகத் தெரியும். “வெள்ளி பார்க்கிறதெண்டால் அஞ்சு வருசமாய்ப் பார்த்தனாங்கள்தானே, இன்னும் காணாதே?” என்று சொல்லிவிட்டு அம்மா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தொலைக்காட்சியின் பக்கம் திரும்பிவிட்டார்.

1990 யூனில் போர் மறுபடி மூண்டதோடு யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றபோது நான் பன்னிரண்டு வயதுப் பையன். ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் வீட்டு ஆளிகளை எவரும் தொடவில்லை. மண்ணெண்ணெயும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட அல்லது அளந்து தரப்பட்ட பொருட்களாக இருந்த அந்தக் காலத்தில்தான் நான் க.பொ.த. சாதாரண தரத்துக்குப் படித்தேன். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், அதிலிருந்து எழும் ஒரு சிறு திரி, காற்றை மறைக்கப் போத்தலின் சுவரே போதும். ஒரு விளக்கைச் சுற்றி நான்கு பேர் படித்தோம். கொப்பியை யார் பக்கம் எவ்வளவு சரிப்பது என்பதில்தான் சண்டை.

அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவன் இங்கிலாந்தில் பணம் கட்டி இருட்டுக்குள் போவதன் நியாயத்தை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? பணம் குறைவு என்பதுதான் உண்மையான காரணம். 1960 ஆம் ஆண்டின் கரவன் தரிப்பிடச் சட்டம், விலக்குப் பெற்ற கழகங்களின் உறுப்பினர்களுக்காக ஒரு காணியில் ஐந்து கரவன்கள் வரை தனி உரிமமின்றி நிறுத்த இடமளிக்கிறது. அதனால் நாடெங்கும் விவசாயிகளின் வயல் மூலைகளில் சிறு தரிப்பிடங்கள் உண்டு. அவற்றுள் பலவற்றில் ஒரு தண்ணீர்க் குழாயும் கழிவு ஊற்றும் குழியும் மட்டுமே இருக்கும். நீலநிற மின்செருகியுடன் தூண் நிற்கும் பெரிய தரிப்பிடங்களோடு ஒப்பிட்டால் கட்டணம் பாதிக்கும் குறைவு. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு அந்த வித்தியாசம் சிறிதல்ல.

மின்தூண் இல்லாத இடத்தில் கரவனின் உயிர் இரண்டு பொருட்களில் இருக்கிறது: ஒன்று 12 வோல்ட் பற்றரி, மற்றது காஸ் சிலிண்டர். பற்றரியின் மேல் 110 அம்பியர்-மணி, அதாவது ஓர் அம்பியர் வீதம் 110 மணி நேரம் தரக்கூடிய அளவு, என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். ஆனால் ஈய-அமிலப் பற்றரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் விரைவில் தேய்ந்துவிடும் என்பதால், நம் கைக்கு வருவது 55 மட்டுமே. கோற்காலி நிறைய நெல்லைக் காட்டிவிட்டுப் பாதியை விதைநெல் என்று பூட்டிவைத்த கதைதான் இது. வாங்கிய நாளிலிருந்து இன்றுவரை இந்தப் பாதிக் கணக்கின் மீது எனக்குள்ள கோபம் தணியவேயில்லை. விற்கும்போது முழுவதற்கும் விலை வாங்குகிறார்கள் அல்லவா?

அந்த 55 ஐ வைத்துத்தான் குடும்பம் நடத்த வேண்டும். எல்ஈடி விளக்கு ஒன்று இரண்டு மூன்று வாட் மட்டுமே எடுப்பதால் வெளிச்சம் ஒரு பிரச்சினையே அல்ல. தண்ணீர்ப் பம்பு ஓடும்போது நாலைந்து அம்பியர் இழுத்தாலும் சில நொடிகளே ஓடுகிறது. காஸ் சூடாக்கியின் வெப்பக்காற்றை உள்ளே பரப்பும் சிறு விசிறிதான் இரவு முழுவதும் முனகிக்கொண்டே மணிக்கு ஓர் அம்பியர்-மணி வீதம் விழுங்கும் கள்ளன். கூரையில் பதித்த 100 வாட் சூரியத் தகடு கோடைகாலத்து நல்ல நாளில் முப்பது அம்பியர்-மணிக்கு மேல் திருப்பித் தந்துவிடும். மார்கழியில் அதை நம்பிப் பயணம் போக முடியாது. கம்பிரியா 54 பாகை அகலாங்குக்கும் மேலே இருக்கிறது. நத்தாரை ஒட்டிய நாட்களில் உச்சி வெயில் என்று சொல்லப்படுவதே அடிவானத்திலிருந்து 12 பாகை உயரத்தில்தான் நிற்கும். அதே நாளில் யாழ்ப்பாணத்தில் நண்பகற் சூரியன் 57 பாகையில் இருக்கும். எங்கள் ஊரின் மாரிகாலத்து வெயிலில் பாதி கிடைத்தாலே இங்குள்ளவர்கள் ஆண்டு முழுவதும் கரவனில் ராசாக்களாக இருந்திருப்பார்கள்.

தேநீர் விஷயத்தில்தான் மின்சாரத்தின் உண்மையான விலை எனக்கு உறைத்தது. ஒரு லீற்றர் குளிர்ந்த நீரைக் கொதிக்கவைக்க ஏறக்குறைய 105 வாட்-மணி வெப்பம் வேண்டும். இன்வேர்ட்டர் வழியாகப் பற்றரியிலிருந்து அதை எடுப்பதென்றால், இழப்புகளையும் சேர்த்துப் பத்து அம்பியர்-மணி போய்விடும். அதாவது எங்கள் நாட்செலவுக்குரிய 55 இல் ஐந்திலொன்றுக்குச் சற்றுக் குறைவு, ஒரு கேத்தில் தண்ணீருக்கு மட்டும். அதுவும் வீட்டிலுள்ள 2000 வாட் கேத்திலைச் செருகினால் 170 அம்பியருக்கு மேல் இழுக்கும் என்பதால் அந்தப் பற்றரி அப்படியே படுத்துவிடும். அதே தண்ணீர் அடுப்பில் இருபது கிராம் அளவு காஸோடு கொதித்துவிடுகிறது. வெப்பம் வேண்டிய எதையும் பற்றரியிடம் கேட்கக் கூடாது என்பது கரவன்காரர்கள் பலர் பல நூறு பவுண் செலவழித்துக் கற்றுக்கொள்ளும் பாடம். எனக்கு அது சொல்லித்தரத் தேவைப்படவில்லை.

ஏனென்றால் பற்றரியிடம் எதைக் கேட்கலாம் என்பதை எங்களுக்கு அப்பா கற்றுத் தந்திருந்தார். சைக்கிளைக் கவிழ்த்து, இருக்கையும் கைபிடியும் நிலத்தில் படும்படி நிறுத்தி, பின்சில்லோடு டைனமோவை அணைத்துவிட்டு, அதிலிருந்து வானொலிக்கு வயர் இழுப்பார். சாதாரண சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ட்டில் 3 வாட். அண்ணா மிதிகட்டையைக் கையால் சுற்ற, அம்மா, அயல்வீட்டுப் பொன்னுத்துரை அண்ணை, அவருடைய தாயார் எல்லாரும் திண்ணையில் இருந்து பிபிசி தமிழோசை கேட்பார்கள். சுற்றும் வேகம் குறைந்தால் செய்தி கரகரத்துத் தேயும். “சுத்தடா, சுத்தடா, முக்கியமான இடம்” என்று இருட்டிலிருந்து குரல் வரும். என் முறை வரும்போது கை வலித்தாலும் நிறுத்த மாட்டேன், ஏனென்றால் அந்த அரைமணி நேரம் நாட்டின் செய்தி முழுவதும் என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. கரவனின் சுவரில் 12.4 என்று பச்சை எண்களில் ஒளிரும் மின்னழுத்தமானியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கரகரப்புத்தான் காதில் விழுகிறது.

காஸின் குணம் வேறு. கரவனோடு எங்களுக்குக் கிடைத்தது ஒரு நீலச் சிலிண்டர், அதாவது பியூட்டேன். இங்கு பரவலாகப் புழங்கும் வகையில் நீலம் பியூட்டேனுக்கும் சிவப்பு புரொப்பேனுக்கும் உரியவை. முதல் இரவின் விடியற்காலையில் புல்லின்மேல் வெண்பனி உறைந்திருந்தபோது, பாதிக்கு மேல் நிறைந்திருந்த அந்தச் சிலிண்டரிலிருந்து அடுப்புக்கு வந்தது நீலநிறத்தில் ஒரு பெருமூச்சு மட்டுமே. பியூட்டேன் பூச்சியம் பாகை செல்சியசை ஒட்டியே கொதிப்பதால், அதற்குக் கீழே அது சிலிண்டருக்குள் திரவமாகவே கிடந்துவிடும். போதாக்குறைக்கு, காஸ் வெளியேற வெளியேற உள்ளிருக்கும் திரவம் தன் வெப்பத்தை இழந்து இன்னும் குளிர்ந்துபோகும். புரொப்பேனோ கழித்தல் 42 பாகையிலும் ஆவியாகக்கூடியது. அன்று காலை நாங்கள் பால் விட்ட தேநீருக்காக வெயில் ஏறும்வரை காத்திருந்தோம். கடை திறந்ததும் சிவப்புச் சிலிண்டர் வாங்கிவந்தோம்.

தேய்ந்த பற்றரிகளை ஓட்டின்மேல் வெயிலில் பரப்பிவைத்து, மாலையில் எடுத்து இன்னும் கால் மணி நேரம் வானொலி கேட்ட எங்களுக்கு, வெப்பம் இருந்தால்தான் எந்தச் சக்தியும் வெளியே வரும் என்பது புதிய செய்தியல்ல. ஆனால் அங்கே வெயில் இலவசம். அது தீர்ந்துபோகக்கூடியது என்று நினைத்ததேயில்லை.

காஸ் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். கரவனின் உறிஞ்சுமுறைக் குளிர்சாதனப் பெட்டி காஸில் ஓடினால் நாளொன்றுக்கு 300 கிராம் அளவில் எரிக்கும். கரவன் சமதரையில் நின்றால்தான் அது ஒழுங்காகக் குளிர்விக்கும் என்பதால், வந்திறங்கியதும் நீர்மட்டக் கருவியோடு நாலு மூலையும் சுற்றுவது என் வேலை. ஓர் அடுப்பு முழுச்சுடரில் மணிக்கு 100 முதல் 150 கிராம் வரை எடுக்கும். சூடாக்கி முழுமூச்சில் 200 கிராமைத் தாண்டும். ஆகவே 6 கிலோச் சிலிண்டரைத் தின்று தீர்ப்பது குளிர்தான், எங்கள் சமையல் அல்ல. புட்டுக்கு நீத்துப்பெட்டியை வைத்தால் இருபது நிமிடம், அவ்வளவே. பருப்பைக் காலையிலேயே ஊறவைப்பாள் என் மனைவி. சோறு முக்கால் பதம் வந்ததும் பானையை மூடிப் போர்வைக்குள் சுற்றிவைத்துவிடுவாள், மிச்சத்தை அதன் சூடே பார்த்துக்கொள்ளும். ஊமலும் பன்னாடையும் பொறுக்கி அடுப்பெரித்த வீட்டில் வளர்ந்தவளுக்குச் சுடரை வீணாகப் பார்க்கப் பொறுக்காது.

அவளுக்கும் எனக்கும் பிணக்கு வந்தது தரையிலுள்ள துவாரங்களைப் பற்றித்தான். அடுப்புக்கும் சூடாக்கிக்கும் கீழே வலை போட்ட ஓட்டைகள் இருக்கின்றன. அவற்றின் வழியே குளிர்காற்று கணுக்காலைக் கடிக்கும். பழந்துணியால் அடைக்கலாம் என்றாள். புரொப்பேனும் பியூட்டேனும் காற்றைவிடக் கனமானவை என்பதால், கசிந்தால் தரையிலேதான் தேங்கும். அது வெளியேறுவதற்காகவே அந்த வழி. இரண்டு சோடிக் காலுறைகள் போடச் சொன்னேன். கார்பன் மொனொக்சைட்டு அலாரத்தையும் படுக்கும் பக்கத்தில் மாட்டினேன், அந்த நச்சுவாயு மணமோ நிறமோ இல்லாமல் வரும் என்பதால்.

2022 இல் தங்கச்சியோடு பேசிய பேச்சு அப்போது நினைவுக்கு வந்தது. அதற்கு முந்திய ஆண்டின் இறுதியில் இலங்கையில் வீடுகளில் காஸ் வெடிப்புகள் அடுத்தடுத்து நிகழ்ந்து, சிலிண்டருக்குள் புரொப்பேனும் பியூட்டேனும் எந்த விகிதத்தில் இருக்க வேண்டும் என்று தெருவெல்லாம் பேசினார்கள். பிறகு வெடிப்பதற்கே காஸ் இல்லாமற் போனது. வெறுஞ் சிலிண்டர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டு வரிசையில் நின்றன, மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரத்தை எட்டியது. “கொழும்பில இருக்கிறவைதான் அந்தரப்படுகினம் அண்ணா, எங்களுக்கென்ன, பழகினதுதானே” என்றாள் தங்கச்சி சிரித்துக்கொண்டு. என் கராஜில் அப்போது நிறைந்த சிலிண்டர்கள் இரண்டு இருந்தன, விடுமுறைக்காக. அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

கம்பிரியாவில் அடுத்த கரவனில் இருந்த முதிய ஆங்கிலேயர், என் மின்கணக்குக் கொப்பியைப் பார்த்துவிட்டுத் தன் பழைய துன்பத்தைச் சொல்லத் தொடங்கினார். 1972 பெப்ரவரியில் சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தால் நாடு முழுவதும் முறைவைத்து மின்வெட்டு வந்ததாம். மெழுகுதிரி வெளிச்சத்தில் வீட்டுப்பாடம் செய்தாராம். அந்த நாட்களை எவராலும் மறக்க முடியாதாம். சில வாரங்கள் நீடித்த அந்த இருட்டை அவர் அவ்வளவு பெருமையோடு விவரித்தார். என்னுடையதை எடுத்து அதன்மேல் வைக்க எனக்கு மனம் வரவில்லை. தலையாட்டினேன், அவர் தன் புதிய லித்தியம் பற்றரியைத் திறந்து காட்டினார். அது நூறில் எண்பது தொண்ணூறைக்கூடத் தயங்காமல் தருமாம், ஆனால் பூச்சியப் பாகைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது, கெட்டுவிடும். குளிர் நாட்டுக்கு இப்படியொரு பற்றரியைச் செய்திருக்கிறார்களே என்று நான் சொன்னபோது அவர் நெடுநேரம் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் நான் இந்த நாட்டுக்காரனாகிவிட்டேன் என்று அன்று இரவு மனைவியிடம் சொன்னேன். “அப்ப ஏன் லைற்றை நிப்பாட்டிப்போட்டு இருட்டுக்க இருந்து கதைக்கிறியள்?” என்று கேட்டாள். விளக்குக்கு இரண்டு வாட்தான், பற்றரியும் நிறைந்தே இருந்தது. கதைப்பதற்கு எதற்கு வெளிச்சம் என்று கை தானாகவே அணைத்திருக்கிறது.

ஐப்பசி விடுமுறைக்கு அதே வயலில் மறுபடி இடம் எடுத்திருக்கிறோம். இம்முறை இரண்டு சிலிண்டரும் சிவப்பு, சூரியத் தகடு இன்னொன்று. மின்சாரக் கணக்கைத் தான் பார்ப்பதாக மகள் பொறுப்பெடுத்து, கணினியில் அழகான அட்டவணை ஒன்று தயாரித்திருக்கிறாள். பம்பு, விசிறி, தொலைபேசிகள் எல்லாம் சரியாகவே இருக்கின்றன. நடுவில் ஒரு வரியில், தலைமயிரை நேராக்கும் கருவிக்கு நாள்தோறும் அரைமணி நேரம், 200 வாட், பத்து அம்பியர்-மணி என்று போட்டிருக்கிறது. ஒரு கேத்தில் தண்ணீருக்கு நான் மறுத்த அதே பத்து. அந்த வரியைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது. அம்மா பேத்தியின் பக்கம்.