சகாராவிலிருந்து வந்த கரிம விண்கல்லை வகைப்படுத்திய அனுபவம்

மொராக்கோவின் எர்ஃபூத் நகரத்து வணிகர்களிடம் வந்துசேரும் சகாரா விண்கற்களில் பெரும்பாலானவை சாதாரண காண்ட்ரைட்டுகளே (காண்ட்ரைட் என்பது, காண்ட்ரூல் எனப்படும் சிறு கனிம உருண்டைகள் பொதுவாகக் காணப்படும் கல் விண்கல்). அங்கே வாங்கப்பட்டு, வகைப்படுத்துவதற்காக எங்கள் ஆய்வகத்துக்கு வந்த ஒரு கல் அவற்றிலிருந்து வேறுபட்டிருந்தது. நூறு கிராமுக்குச் சற்றுக் கூடுதலான எடையுள்ள அந்தக் கல்லின் உடைந்த முகத்தில், கரிய நுண்துகள் பரப்பின் நடுவே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள காண்ட்ரூல் உருண்டைகளும், ஒழுங்கற்ற வெண்திட்டுகளும் வெறுங்கண்ணுக்கே தெரிந்தன. கால்சியமும் அலுமினியமும் செறிந்த இத்தகைய வெண்திட்டுகள்தாம் சூரியக் குடும்பத்தில் காலம் கணிக்கப்பட்ட மிகப் பழைய திடப்பொருள்கள். அவற்றின் வயது சுமார் 456.7 கோடி ஆண்டுகள்.

வலிமையான காந்தம் பட்டால் கல்லில் பதிந்துள்ள தொல்காந்தச் சுவடு, அதாவது பழங்காலக் காந்தப் புலத்தின் பதிவு, அழிந்துவிடும். பல கைகள் மாறி வந்த கல்லில் அது ஏற்கெனவே அழிந்திருக்கக்கூடும் என்றாலும், கல் எவ்வளவு எளிதில் காந்தமாகிறது என்பதை மெல்லிய காந்தப் புலத்தில் அளக்கும் காந்த ஏற்புத்திறன் மானியைத் தவிர வேறெந்தக் காந்தத்தையும் நாங்கள் அருகில் கொண்டுசெல்லவில்லை. நீர் பட்டால் உப்புகள் கரையும், இரும்பு துருவேறும் என்பதால், வைரத்துகள் பதித்த கம்பி ரம்பத்தால் நீரில்லாமல் அறுத்து, 30 மைக்ரான் தடிமனுள்ள மெல்லிய சீவலைத் தயாரித்தோம்.

காண்ட்ரூல்களின் அளவைக் கொண்டே கரிமக் காண்ட்ரைட்டுகளின் வகைகளில் சி.எம்., சி.ஓ. ஆகிய குழுக்களை ஒதுக்கிவிட முடிந்தது. அவற்றின் காண்ட்ரூல்கள் மிகச் சிறியவை. எஞ்சிய கேள்வி, இது சி.வி. குழுவா, சி.கே. குழுவா என்பதுதான். இதில் அவசரப்படக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இவ்விரு குழுக்களின் ஆக்சிஜன் ஐசோடோப்பு விகிதங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் அந்த அளவீடு இங்கே தீர்ப்பளிக்காது; இரண்டும் ஒரே தாய்ச் சிறுகோளிலிருந்து வந்தவையா என்ற விவாதமும் ஆய்வாளர்களிடையே உண்டு. ஆகவே, எலக்ட்ரான் கற்றையால் வேதி அமைப்பை அளக்கும் எலக்ட்ரான் மைக்ரோப்ரோப் கருவியில், மக்னீசியமும் இரும்பும் கொண்ட சிலிகேட் கனிமமான ஒலிவைனின் பரல்களை ஒவ்வொன்றாக அளந்தோம். நன்கு வெப்பமுற்ற சி.கே. கற்களில் ஒலிவைனின் பயலைட் விகிதம் (அதில் இரும்பு வகைக் கூறின் பங்கு) 30 சதவீதத்தை ஒட்டி ஒரே சீராக இருக்கும். எங்கள் கல்லிலோ காண்ட்ரூல் ஒலிவைன் 1 சதவீதத்துக்கும் குறைவில் தொடங்கி 40ஐத் தாண்டிச் சிதறிக் கிடந்தது; நுண்துகள் பரப்பில் இருந்த ஒலிவைன் 50ஐ நெருங்கியது. 1969இல் மெக்சிகோவில் விழுந்த அயெந்தே விண்கல்லிலும் நுண்துகள் பரப்பு இவ்வாறே உள்ளது. இந்தச் சிதறல் ஒன்றே மூன்றாம் படிநிலையை, அதாவது கல் அதிகம் வெப்பமுறாத நிலையை, காட்டிவிடுகிறது என்றாலும், மூன்றாம் படிநிலை சி.கே. கற்களும் உள்ளன என்பதால் அதோடு நிற்க முடியவில்லை. சி.கே.யின் அடையாளமான குரோமியம் மிகுந்த மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு கனிமத்தைத் தேடி, அது இல்லை என்று கண்டபின், வெண்திட்டுகளின் மிகுதியையும் சேர்த்து வைத்துத்தான் சி.வி.3 (சி.வி. குழு, மூன்றாம் படிநிலை) என்று எழுதினோம்.

ஆக்சிஜன் அளவீட்டை வேறொரு ஆய்வகம் செய்து தந்தது. கரிமக் காண்ட்ரைட்டுகளுக்குரிய இடத்திலேயே புள்ளிகள் அமைந்தன.

அதன்பின், விண்கற்களுக்கான பன்னாட்டு அறிவியல் அமைப்பான விண்கல் கழகத்தின் பெயரிடல் குழுவுக்கு விண்ணப்பித்தோம். வாங்கிய வரலாறு, எடை, கனிம விவரம், அதிர்ச்சிநிலை (மோதல்களால் ஏற்பட்ட பாதிப்பின் அளவு), காற்றாலும் ஈரத்தாலும் ஏற்பட்ட சிதைவின் அளவு, மூலத்துண்டு யாரிடம் உள்ளது என எல்லாவற்றையும் அதில் எழுத வேண்டும். கல்லின் மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு அல்லது 20 கிராம், இவற்றில் எது குறைவோ அதை, ஆய்வாளர்கள் கேட்டால் தரக்கூடிய நிறுவனம் ஒன்றில் வைப்பது கட்டாயம். சேகரிப்பாளருக்கு இது இழப்பாகத் தோன்றலாம். ஆனால் அந்தத் துண்டு இல்லாவிட்டால் எங்கள் முடிவை வேறொருவர் சரிபார்க்க வழியே இருக்காது.

குழு ஏற்றுக்கொண்டது, 'வடமேற்கு ஆப்பிரிக்கா' என்ற பொதுப்பெயரோடு ஓர் எண்ணும் கிடைத்தது. கண்டெடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை தெரிந்திருந்தால் அந்த இடத்தின் பெயரையே பெற்றிருக்கும். அதைவிட எனக்கு வருத்தம் தருவது இன்னொன்று: இதே வீழ்ச்சியில் சிதறிய துண்டுகள் வேறு எண்களோடு பதிவாகியிருந்தால், இடக்குறிப்பு இல்லாத நிலையில் அவற்றை இதனோடு உறுதியாக இணைப்பது மிகவும் கடினம்.